நமக்குச் செரிக்காத பகுதிதான் நல்லது செய்கிறது

காய்கறி உடம்புக்கு நல்லது என்றதும் வைட்டமின் கணக்குதான் முதலில் வரும். அதில் தப்பில்லை. ஆனால் காய்கறியின் சுவாரசியமான வேலை, நம்மால் செரிக்கவே முடியாத நார்ச்சத்தில்தான் இருக்கிறது.

செல்லுலோஸ், பெக்டின் போன்ற நார்களை உடைக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. அவை சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் முடிந்தவரை அவற்றைச் சிதைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது பியூட்டிரேட். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் இரத்தத்தில் வரும் குளுக்கோஸ் அல்ல, இதுதான். பாக்டீரியாவின் கழிவு, நம் குடலுக்குச் சாப்பாடு! நார் வந்து சேராவிட்டால்? சில வகை பாக்டீரியாக்கள் குடல்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கிவிடுகின்றன. எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

கீரையிலும் பீட்ரூட்டிலும் இன்னொரு கதை. அவற்றில் நிறைய நைட்ரேட் உண்டு. இரத்தத்தில் சேர்ந்த நைட்ரேட்டில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாக மறுபடி வாய்க்கே வருகிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கியபின் உடலில் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, இரத்தக்குழாய்கள் தளர்கின்றன. இரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது. கிருமிகளைக் கொல்லும் மவுத்வாஷால் அடிக்கடி கொப்பளித்தால் பாதி வழியிலேயே இந்த வேலை நின்றுபோகும்.

சரி, சத்தை மட்டும் பிரித்து மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து அப்படி ஒரு சோதனை நடந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் அது 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டைக் கடித்துத் தின்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு, காய்கறியும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது (பலருக்கு இது வருத்தமான செய்திதான்). இதுவரை காய்கறிப் பக்கமே போகாதவர்கள் ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு பிரியும். பாக்டீரியாக்கள் பழகச் சில வாரம் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும், கீரையின் அளவைத் திடீரென மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.