மேனேஜர்: மேலாளரா, பயிற்சியாளரா?

இங்கிலாந்து கால்பந்துச் செய்திகளைத் தமிழில் படித்தால், ஒரே ஆள் முதல் பத்தியில் ‘மேலாளர்’ என்றும் அடுத்த பத்தியில் ‘பயிற்சியாளர்’ என்றும் வருவார். பேங்க்கில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவரும் மேனேஜர், மழையில் நனைந்தபடி மைதான ஓரத்தில் நின்று கத்துகிறவரும் மேனேஜர் என்றால் குழப்பம் வரத்தான் செய்யும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘மானுஸ்’ என்றால் கை. அதிலிருந்து இத்தாலியில் ‘மனெஜ்ஜாரே’ என்ற வினை பிறந்தது: கையாளுவது, குறிப்பாகக் குதிரையைப் பழக்குவது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதில் லாயத்து வாசனை போகவில்லை. வீடு, பணம், தொழில் எல்லாம் அப்புறம் ஒட்டிக்கொண்டவை. ‘கோச்’ கதையும் இதற்குச் சளைத்ததல்ல. ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர், வண்டி செய்வதற்குப் பேர்போனது. ஊர்ப் பெயரே வண்டிக்கு ஆகிவந்தது. 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், பரீட்சையில் தங்களைக் கரைசேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாக ‘வண்டி’ என்றார்கள். அந்தக் கேலிதான் பின்னர் விளையாட்டுக்கு வந்தது. ஆக, ஒன்று குதிரை, இன்னொன்று வண்டி.

கால்பந்தில் மேனேஜர் முதலில் பெரிய ஆளாக இருக்கவில்லை. 1886இல் ஆஸ்டன் வில்லா கிளப் மேனேஜர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. சம்பளம் ஆண்டுக்கு 100 பவுண்டு. முழுநேரமும் கமிட்டி சொல்படி வேலை பார்க்க வேண்டும். வேலை ஜார்ஜ் ராம்சேக்குக் கிடைத்தது. அந்த ‘கமிட்டி சொல்படி’யில்தான் விஷயம் இருக்கிறது. யார் ஆட வேண்டும் என்பதைக் கமிட்டிக்காரர்கள் தீர்மானித்த காலம் அது. ‘செயலாளர்-மேனேஜர்’ என்று இரட்டைப் பெயரில் அழைத்த கிளப்புகளும் உண்டு. அந்த ஆளைத் தமிழில் ‘காரியதரிசி’ என்று எழுதினால் தப்பே இல்லை.

சொல்லின் பொருளை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் சாப்மன். 1878இல் ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில், கிவெட்டன் பார்க் என்ற சுரங்க ஊரில் ஒரு நிலக்கரித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். ஆட்டக்காரராக அவரைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராச்டேல், கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், நார்த்தாம்ப்டன் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார். டாட்டனம் கிளப்பில் இருந்தபோது ரசிகர்கள் நினைவில் வைத்திருந்தது அவர் ஆட்டத்தையா, காலில் போட்டிருந்த மஞ்சள் தோல் பூட்ஸையா என்று சொல்வது கஷ்டம்.

1907இல் நார்த்தாம்ப்டன் டவுன் கிளப் அவருடைய சக ஆட்டக்காரர் வால்டர் புல்லை மேனேஜராகக் கூப்பிட்டது. புல் மனம் மாறி, சாப்மன் பெயரைச் சொல்லிவிட்டார். இப்படித் தற்செயலாக வந்த வேலை அது. ஆடிக்கொண்டே அணியையும் நடத்தினார். சதர்ன் லீக்கில் அடிமட்டத்தில் கிடந்த அணி 1909இல் அந்த லீக்கையே வென்றது. பிறகு ஹட்டர்ஸ்ஃபீல்டு கிளப்பில் 1924, 1925 என்று அடுத்தடுத்து இரண்டு இங்கிலாந்து லீக் சாம்பியன் பட்டங்கள். 1925இல் லண்டனின் ஆர்சனல் கிளப்புக்குப் போனார். அணித் தேர்வு, பயிற்சி, ஆள் வாங்குவது எல்லாம் அவர் கைக்குள் வந்தன. 1932இல் கிளப்புக்குப் பக்கத்திலிருந்த சுரங்க ரயில் நிலையத்தின் பெயரைக்கூட ‘ஆர்சனல்’ என்று மாற்ற வைத்தார். மானுஸ் உண்மையிலேயே கையாக மாறிய இடம் இது என்பேன். தேசிய அணிக்கு இந்த மாற்றம் வர இன்னும் காலம் பிடித்தது. 1946 முதல் 1962 வரை இங்கிலாந்து மேனேஜராக இருந்த வால்டர் விண்டர்பாட்டமுக்கே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது; கமிட்டிதான் தேர்ந்தெடுத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கையாளுதல்’ என்ற வினை மனெஜ்ஜாரேவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அதைப் பெயராக்கிக் ‘கையாள்’ என்றால் அடியாளுக்குத் தம்பி மாதிரி ஆகிவிடும். எனக்குப் பிடித்த சொல் ‘பாகன்’. யானைப்பாகன், தேர்ப்பாகன் என்று மிருகத்துக்கும் வண்டிக்கும் சேர்த்தே இருக்கிறது. என்ன செய்ய, ‘ஆர்சனல் பாகன்’ என்று தலைப்பிட எந்தப் பத்திரிகைக்கும் துணிவு வராது. ‘மேலாளர்’ பழகிவிட்டது, இருக்கட்டும். ஆனால் அதையும் பயிற்சியாளரையும் கலக்கக் கூடாது. லிவர்பூல் கிளப்பில் யுர்கன் க்ளாப் மேனேஜராக இருந்தார். 2024இல் அவர் இடத்துக்கு ஆர்னே ஸ்லாட் வந்தது தலைமைப் பயிற்சியாளர் என்ற பெயரில். ஆள் வாங்குவதில் யாருக்கு எவ்வளவு சொல் உண்டு என்பது இந்தப் பதவிப் பெயரில் அடங்கியிருக்கிறது. சாப்மன் போல ஆடிக்கொண்டே நடத்துகிறவரை ‘ஆட்டக்கார மேலாளர்’ எனலாம். ‘ஆடும் மேலாளர்’ வேண்டாம். நாற்காலி ஆடுவது போலத் தொனிக்கும்.

ஆட்டக்காரர்கள் வாயில் வரும் சொல் வேறு: ‘கேஃபர்’. ஞானத்தகப்பனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்தது. கிராமத்தில் வயசாளியை மரியாதையாக அப்படிக் கூப்பிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பட்டறை மேஸ்திரிக்கும் அதுவே ஆனது. பேட்டிகளை மொழிபெயர்க்கும்போது இதை ‘மேலாளர்’ என்று எழுதினால் உயிர் போய்விடும். ‘வாத்தியார்’ சரியாக உட்காரும். அப்படி ‘வாத்தியார்’ என்று சொல்லத் தோன்றும் ஒருவர் ஷான் டைச். மூன்றாம் அடுக்கில் இருந்த செஸ்டர்ஃபீல்டின் தடுப்பாட்டக்காரர், 1997 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் பெனால்டி கோல் போட்டவர். 2012 முதல் 2022 வரை பர்ன்லி கிளப்பின் மேனேஜராக அணியை நடத்தினார். 2018இல் அணி ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றதும் ஊரில் ஒரு மதுக்கடை தன் பெயரை ‘ராயல் டைச்’ என்று மாற்றிக்கொண்டது. வாசல் பலகையில் ராஜா மாதிரி அவர் முகம்.