முகத்துவாரத்து மணல் திட்டை நம்பி நிற்காதீர்கள்

அடையாறு முகத்துவாரத்தில் ஒருமுறை அளவெடுக்கப் போயிருந்தோம். காலையில் மணல் திட்டின் ஓரத்தில், தண்ணீரிலிருந்து நாலடி தள்ளி ஒரு அளவுக் கம்பை நட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கம்பைக் காணோம். யாரும் பிடுங்கவில்லை, அது நின்ற மணலே போய்விட்டிருந்தது. அதே ஓரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

அந்தத் திட்டு எப்படி உண்டாகிறது? சென்னைக் கரைக்கு வருடத்தின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருகின்றன. நீர் சாய்வாக ஏறும், இறங்கும்போது சரிவைப் பார்த்து நேராக இறங்கும். இப்படி ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறும் என்றாலும், வருடக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். சந்தேகமிருந்தால் துறைமுகத்தைப் பாருங்கள். அது குறுக்கே வந்தபின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரை அரித்தது.

இந்த மணல் ஆற்று வாயைக் கடக்கும்போது தெற்குக் கரையிலிருந்து நாக்கு மாதிரி நீண்டு வாயை அடைக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது ஏற்றவற்றம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது. ஏற்றத்தில் உள்ளே போன கடல்நீர் வற்றத்தில் திரும்பப் பாயும்போது மணலைத் துடைத்துக்கொண்டு போகும். ஆனால் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும் கடல், இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே 1 மீட்டர்தான். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. கோடையில் ஆற்றிலும் நீர்வரத்து இல்லை. அலை ஜெயித்துவிடும்.

உடனே பொக்லைனைக் கூப்பிடுகிறோம். மணலை அள்ளினால் வாய் திறக்கும், சரி. திறந்தே இருக்க வேண்டுமானால் ஏற்றத்தில் போதுமான கடல்நீர் உள்ளே போக இடம் வேண்டும். கழிமுகத்தில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கிவிட்டால், வற்றத்தில் பாய எங்கே தண்ணீர் இருக்கும்? அள்ளிய மணலை வாய்க்குத் தெற்கிலேயே குவித்துவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். அலைக்கு வேலை மிச்சம்.

திட்டின் நடுவில் கையால் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். வெளிர் மணல், அதன் கீழே மெல்லிய கருமணல் கோடு, பிறகு உடைந்த சிப்பி, மறுபடி வெளிர் மணல். பெரிய அலைகள் லேசான துகள்களை அடித்துப் போனபின் தங்கிய கனமான துகள்கள்தான் அந்தக் கறுப்பு. எல்லாம் அடுக்கி வைத்தது மட்டுமே, ஒட்ட வைத்தது எதுவும் கிடையாது.

அதனால்தான் ஓரம் ஆபத்து. வற்றத்தில் வெளியே ஓடும் நீர் அடியில் அரிக்கும். மேல் மணல் ஈரத்தின் பிடியில் கொஞ்ச நேரம் தொங்கும், பிறகு பாளமாகச் சரியும். விழுபவர் இடுப்பளவு நீரில் விழுந்தாலும் காலூன்ற முடியாது; இழுப்பு நேரே கடலுக்குள். வெளியே ஓடும் நீர் எதிரே வரும் அலையோடு மோதுகிற இடம் கொதிப்பது போலக் கலங்கியிருக்கும். நன்றாக நீந்துகிறவருக்கும் அங்கே கஷ்டம். மழைக்கு முன் வாயை வெட்டித் திறக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கவும் போகாதீர்கள். ஆற்று மட்டம் உயர்ந்திருந்தால், காலையில் தாண்டிக் குதிக்கிற அளவில் வெட்டிய வாய்க்கால் மாலைக்குள் தானே கரையைத் தின்று பல மடங்கு அகலமாகிவிடும்.

‘போன வாரம் இதே நேரம் இங்கேதான் நின்றோம்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே இருப்பதும் சுமார் ஆறு மணி நேரம்தான். போன ஞாயிறு மாலை ஐந்துக்கு ஏற்றம் என்றால், இந்த ஞாயிறு அதே ஐந்துக்கு வற்றம்.