உள்ளிருந்து ஓர் ஒட்டு

"தொப்புளுக்குக் கீழே நெடுக்காகக் கிழித்த பழைய சிசேரியன் தழும்பில் அம்மாவுக்கு வயிறு பிதுங்கி நிற்கிறது. ஹெர்னியா, வயிற்றுச் சுவரில் ஓட்டை என்கிறார் டாக்டர். சரி, அதற்கு என்ன செய்வீர்கள் என்றால், இன்னும் மூன்று ஓட்டை போடுவோம் என்கிறார். இருக்கிற ஓட்டையை இழுத்துத் தைத்துவிட்டால் போதாதா?"

ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார். கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி.

வயிற்றுச் சுவரில் தோல், கொழுப்பு, தசை என்று பல அடுக்குகள் உண்டு. பாரத்தைத் தாங்குவது தசைகளைப் பிணைத்திருக்கும் கெட்டியான நார்ப்படலம். எல்லாவற்றுக்கும் உள்ளே பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை. தொப்புள், கவட்டை, முன்பு கத்தி பட்ட இடம் ஆகியவற்றில் நார்ப்படலம் விலகினால் அந்த உறை வெளியே பிதுங்கும், அதன் பின்னால் கொழுப்போ குடலோ வந்து நிற்கும். படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டு வலியும் வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகலாம்.

பச்சைக் குழந்தையின் தொப்புள் பிதுக்கம் மட்டும் தனிக் கதை. பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். அதன்மேல் நாணயத்தை வைத்துத் துணியால் கட்டும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. தோல் புண்ணாவதுதான் மிச்சம். தானாக மூடியதற்கான பேரை நாணயம் தட்டிக்கொண்டு போகிறது.

வாசகரின் கேள்விக்கு வருவோம். இழுத்துத் தைத்தால் போதுமா? பழைய தழும்பில் வந்த ஹெர்னியாவைத் தைத்து மூடுவதையும், பிளாஸ்டிக் வலை வைத்து மூடுவதையும் நெதர்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் தையல் போட்டவர்களில் 43 சதவீதம் பேருக்கு ஹெர்னியா திரும்பிவிட்டது. வலை வைத்தவர்களில் 24 சதவீதம். பத்தாண்டுக் கணக்கு பார்த்தபோது அது 63க்கு 32 என்று ஆகியிருந்தது. ஏற்கெனவே நைந்துபோன விளிம்பு அது. அதை இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு தும்மலுக்கும் நூல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே போகும்.

ஆக, வலை வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

சைக்கிள் டயரில் கிழிசல் விழுந்து, அதன் வழியே டியூப் முட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சர் கடைக்காரர் வெளியிலிருந்து டயரைத் தைத்துக்கொண்டிருக்க மாட்டார். பழைய டயரில் ஒரு துண்டை வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே செருகுவார். பசைகூட வேண்டாம். காற்றடித்ததும் டியூபே அந்தத் துண்டை டயரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். டயரின் இடத்தில் வயிற்றுச் சுவரையும், டியூபின் இடத்தில் குடலையும் வைத்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடக் கணக்கே போதும். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டும். 100 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 136 கிராம் எடை தள்ளுவதற்குச் சமம். ஓட்டையின் விட்டம் 4 செ.மீ. என்றால் பரப்பு 12.6 சதுர செ.மீ., அந்த இடத்தில் வெளியே தள்ளும் விசை 1.7 கிலோ. ஓட்டையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக மூடும்படி வலை வைப்பது வழக்கம். அப்போது வலையின் விட்டம் 14 செ.மீ., பரப்பு 154. அதன்மேல் விழும் மொத்த விசை 21 கிலோ. அதில் 1.7 கிலோ ஓட்டை வழியே தள்ள, மிச்சம் 19 கிலோ சொச்சம் வலையைச் சுவரோடு வைத்து நெரிக்கிறது. ஹெர்னியாவை உண்டாக்கிய அதே இருமல், இப்போது வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது!

அதே வலையைச் சுவருக்கு வெளியே, தோலுக்கு அடியில் தைத்தால் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு இருமலும் ஓட்டை வழியாக அதைப் பெயர்த்தெடுக்கப் பார்க்கும், பிடித்திருப்பது தையல் மட்டுமே.

ஆனால் எல்லா ஓட்டைக்கும் 5 செ.மீ. போதாது. 10 செ.மீ. ஓட்டைக்கு 20 செ.மீ. வலை வைத்தால், வலையின் பரப்பு ஓட்டையைப்போல் நாலு மடங்குதான். முந்தைய கணக்கில் பன்னிரண்டு மடங்கு இருந்தது. அதனால் இப்போது பல அறுவை மருத்துவர்கள் பரப்பு விகிதத்தைப் பார்க்கிறார்கள். முடிந்தால் முதலில் ஓட்டையின் விளிம்புகளை நூலால் சேர்த்துவிட்டு, அதன் பின்னால் வலையைப் பரப்புகிறார்கள். வாசகர் கேட்ட தையலும் வந்துவிட்டது, துணைக்கு.

சரி, உள்பக்கம் போக வழி? பெரிதாகக் கிழித்தும் போகலாம். ஆனால் அது இன்னொரு நீளத் தழும்பு, கிருமித் தொற்றுக்கு இன்னொரு வாசல். ஆகவே பலவீனமான இடத்தை விட்டு விலகி, விலாப் பக்கத்தில் 5 முதல் 12 மி.மீ. அளவில் மூன்று துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். அமெரிக்க அறுவை மருத்துவர் கார்ல் லெப்லாங்க் 1993இல் இந்த முறையைப் பதிவுசெய்தார்.

முதலில் கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். அது தீப்பிடிக்காது, ரத்தத்தில் சீக்கிரம் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். அதைச் செலுத்தப் பல இடங்களில் பயன்படும் ஊசி, ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரெஷ் 1930களில் காசநோயாளிகளின் நெஞ்சுக்குள் காற்றுச் செலுத்த உருவாக்கியது. கூர்மையான ஊசிக்குள் ஸ்பிரிங் வைத்த மொட்டைக் குழாய். சுவரைத் தாண்டியதும் எதிர்ப்பு நீங்க, மொட்டை முனை டக்கென்று முன்னால் வந்து குடலைக் காக்கும். ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாள் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. வாயு அங்கே உறுத்துவதை மூளை தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது.

உள்ளே கஷ்டமான வேலை, பழைய தழும்பில் ஒட்டியிருக்கும் குடலைப் பிரிப்பது. கத்தரி தவறிக் குடலில் துளை விழுந்து, அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பிரித்த பிறகு கேமராவில் பார்த்தால், வெளியே கைக்குத் தட்டுப்படாத சின்னச் சின்ன ஓட்டைகளும் பக்கத்தில் தெரியும். சுருட்டிய வலையைக் குழாய் வழியே இறக்கி, விரித்து, விளிம்பில் ஆணிபோன்ற கிளிப்புகளை அடிப்பார்கள். திசு வலைக் கண்களுக்குள் வளர்ந்து பிடிக்கும்வரை அது நகராமல் இருக்க வேண்டுமே. அப்புறம் சில வாரங்களில் பழைய பிதுக்கம் இருந்த இடத்தில் நீர் கோத்து வீங்கலாம். திரும்ப வந்துவிட்டது என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். பெரும்பாலும் தானாக வற்றிவிடும்.

இங்கே ஒரு சங்கடம். திசு வளரத் தூண்டும் அதே வலையில் குடலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் குடல் பக்கம் மட்டும் ஒட்டாத பூச்சு கொண்ட இரட்டைமுக வலை வந்தது, விலையும் எகிறியது. இப்போது துளை வழியாகவே, வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் நேர்தசைக்கும் அதன் பின்னுறைக்கும் நடுவில் இடம் பிரித்து வலை வைக்கிறார்கள். குடல் படாது என்பதால் மலிவான சாதாரண வலையே போதும்.

எவ்வளவு மலிவு? மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சாவில் மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கிருமி நீக்கிய கொசுவலைத் துணியை வைத்துக் கவட்டை ஹெர்னியாக்களைச் சரிசெய்து 2003இல் அறிக்கை வெளியிட்டார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் கொசுவலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வந்தது. ஓராண்டில் கொசுவலைக் குழுவில் ஒருவருக்கு மட்டும் ஹெர்னியா திரும்பியது, மற்ற குழுவில் யாருக்கும் இல்லை. இரண்டும் கவட்டையில், திறந்து செய்தவை. குடல் படும் இடத்தில் கொசுவலை வைக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை.

இந்த மாதிரி ஆய்வுக்கு வலை விற்கும் கம்பெனி காசு போடாது. விற்க எதுவும் இல்லையே. நம் அரசு மருத்துவமனைகளில் மலிவு வலையைத் தசைக்குப் பின்னால் வைத்து, ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்க்க அரசுப் பணம்தான் வர வேண்டும். பெரிய செலவும் இல்லை. ஒரு ஸ்கேன் மிஷின், கூடவே வருஷத்துக்கு ஒருமுறை போன் போட்டு "இருமினால் பிதுங்குகிறதாம்மா?" என்று கேட்க ஒரு சம்பளக்காரர்.