பாபிள் ஸ்டிட்ச்: தையலா, கண்ணியா?

கொக்கியால் நூலைப் பின்னுகிற குரோஷாவைப் பழகுகிறவர்களுக்குச் சங்கிலி, ஒற்றை, இரட்டை என்ற அடிப்படைப் பின்னல்கள் கைக்கு வந்துவிட்டால் அடுத்து ஆசை போவது இந்தப் பாபிள் ஸ்டிட்ச் மேல்தான். தட்டையாகப் போய்க்கொண்டிருக்கிற பின்னலில் ஒரு உருண்டை எழும்பி நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குக் கடலைப் பருப்பு மாதிரி தட்டுப்படும். என் தங்கை மகள் இப்போதுதான் பழக ஆரம்பித்திருக்கிறாள். முதல் உருண்டை வந்த சந்தோஷத்தில், "பெரியம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டாள். குமிழ்த் தையல் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. குமிழ் கூடப் பரவாயில்லை, தையல் என்றது தப்பு.

ஏன் தப்பு என்றால், தைத்தல் என்ற சொல்லுக்கு அடிப்படையான பொருள் குத்தி ஊடுருவுவது. காலில் முள் தைத்தது என்கிறோம், அம்பு தைத்தது என்கிறோம், அதே சொல்தான் ஊசி துணியைக் குத்தி அந்தப்பக்கம் போவதற்கும் வந்தது. ஆங்கிலத்தின் ஸ்டிட்ச்சும் அப்படித்தான் பிறந்தது, பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குத்து, குத்தல் என்றுதான் பொருள். ஆக ஸ்டிட்ச் என்றால் தையல் என்பது துணியில் வேலை செய்யும்போது அச்சு அசலாகப் பொருந்துகிற மொழிபெயர்ப்பு. பள்ளிக்கூடத்தில் கைக்குட்டையில் போட்டுப் பழகிய காம்புத் தையல், சங்கிலித் தையல் எல்லாம் உண்மையிலேயே தையல்கள். ஆனால் குரோஷாவில் குத்துவதற்குத் துணியே கிடையாது. இருப்பது ஒரே நூல், அதை ஒரு வளையமாக்கி அந்த வளையத்துக்குள்ளிருந்து அடுத்த வளையத்தை இழுத்து, அதற்குள்ளிருந்து இன்னொன்றை இழுத்து, இப்படியே வளையம் வளையமாக வளர்ந்து கடைசியில் அதுவே துணியாகிறது. ஆங்கிலக்காரர்கள் பழைய சொல்லை இதற்கும் நீட்டிக்கொண்டார்கள், அது அவர்கள் பாடு. நாமும் பின்னாலேயே போக வேண்டிய அவசியம் இல்லை, நம்மிடம் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது.

அந்தச் சொல் கண்ணி. எனக்கு அதைக் கொடுத்தது எங்கள் ஆச்சி. ஆச்சிக்கு உவரிப் பக்கம், கடற்கரையில் வலை பின்னுவதைப் பார்த்தே வளர்ந்தவள். எனக்குக் குரோஷா சொல்லிக்கொடுக்கும்போது ஸ்டிட்ச் என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. நான் வேகமாகப் போட்டுக்கொண்டே போவேன், பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள், சுளகை ஒரு நிமிஷம் நிறுத்தி, "ஏட்டி, ஒரு கண்ணிய விட்டுட்டுப் போறியே, அவுத்துட்டு வா" என்பாள். எட்டத்திலிருந்தே எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். வலையில் ஒரு கண்ணி விட்டுப்போனால் மீன் போய்விடும், அதைப் பார்த்துப் பழகிய கண்.

கண்ணி எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள். வலையின் ஒவ்வொரு ஓட்டையும் கண்ணி. காடை கவுதாரி பிடிக்க வைக்கிற சுருக்கு கண்ணி. சங்கிலியில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு வளையமும் கண்ணி. தலையில் சூடுகிற பூமாலையும் கண்ணிதான். புறநானூற்றின் முதல் பாட்டு இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது, சிவபெருமான் சூடிய கொன்றைக் கண்ணி அது. இரண்டிரண்டு அடியாக அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு வகைக்கும் அதே பெயர், தாயுமானவரின் பராபரக்கண்ணி எல்லாருக்கும் தெரிந்தது. சுருக்கு, வளையம், கோப்பு, தொடர்ச்சி என்று குரோஷாவுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது.

லேஸ் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது இன்னும் பெரிய சந்தோஷம். அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அதற்கு மூலமான லாக்வேயுஸ் என்பதற்குப் பொருள் சுருக்கு, அதாவது விலங்கையும் பறவையையும் பிடிக்க வைக்கிற கண்ணி! அங்கேயும் சுருக்கிலிருந்துதான் நூல்வேலைக்குப் பெயர் போயிருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையில் இதைப் படிக்கும்போது இடையன்குடி ஞாபகம் வராமல் இருக்காது. திசையன்விளைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊருக்குக் கால்டுவெல் 1841-ல் வந்தார், 1844-ல் எலைசாவைக் கல்யாணம் செய்தார். எலைசாவின் அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் வேலை சொல்லிக்கொடுத்தவர், மகள் அதே வேலையை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவருடைய வீட்டில் லேஸ் நூலும் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இடையன்குடி லேஸ் குரோஷா இல்லை. அது திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, பல நூல்களைச் சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிவைத்து, அந்தக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அந்தக் கட்டைக்குப் பெயர் பாபின்.

இங்கேதான் குழப்பம் வரும். பாபினும் பாபிளும் ஒன்றில்லை. பாபின் பிரெஞ்சிலிருந்து வந்த சொல், நூல் சுற்றுகிற கட்டை அல்லது சக்கரம், தையல் மிஷினுக்கு அடியில் போடுகிறோமே அதே பாபின்தான். பாபிள் என்பது பாப் என்ற ஆங்கிலச் சொல்லோடு சேர்ந்தது. தொங்கி ஆடுகிற சின்ன உருண்டைக்கு பாப் என்று பெயர். கம்பளித் தொப்பியின் உச்சியில் குஞ்சம் மாதிரி ஒரு நூல் உருண்டை வைப்பார்களே, அதைத்தான் பாபிள் என்பார்கள், அந்த உருண்டையைப் போல இருப்பதால் பின்னலில் எழும்புகிறதற்கும் அந்தப் பெயர்.

அப்படியென்றால் நம் பெயர் என்ன? குமிழ் என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் குமிழ் வழவழவென்று இருக்கும், தண்ணீரில் வருகிற குமிழி மாதிரி. பாபிளைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து ஐந்து நூல்கால்கள் கிளம்பி, நடுவில் உப்பி, மேலே ஒரே முடியாகக் கூடியிருக்கும், கால்களுக்கு இடையில் மேலிருந்து கீழாகக் கோடு ஓடும். கோடு ஓடுகிற உருண்டை என்றால் நமக்கு நெல்லிக்காய்தான். இந்தப் பெயரை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. வயர் கூடை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிவன் கண் கூடை, பிஸ்கட் கூடை, நெல்லிக்காய்க் கூடை என்று வரிசையாகச் சொல்வார்கள். உருண்டை உருண்டையாகப் புடைத்து நிற்கிற முடிச்சுக்கு நெல்லிக்காய் என்று நம் பெண்கள் என்றைக்கோ பெயர் வைத்துவிட்டார்கள். யாரும் அகராதி பார்த்து வைக்கவில்லை, கை செய்ததைக் கண் பார்த்து வாய் சொன்னது. அதனால் பாபிள் ஸ்டிட்ச் என்றால் நெல்லிக்காய்க் கண்ணி. வயரில் இருந்த பெயர் நூலுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

போடுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பெயர் பொருந்துகிறதா என்று கையிலேயே தெரியும். கொக்கியில் ஒரு வளையம் இருக்கும். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கீழ்வரிசைக் கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலைக் கொளுவி இழுங்கள், மூன்று வளையம் ஆகும். மறுபடி நூலைக் கொளுவி இரண்டு வளையத்தின் வழியாக மட்டும் இழுத்தால் இரண்டு மிஞ்சும். இங்கே முடிக்கக் கூடாது, பாதியிலேயே நிறுத்தி, அதே கண்ணிக்குள் திரும்பவும் இதையே செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் கொக்கியில் ஒரு வளையம் கூடும், ஐந்து தடவை முடிந்ததும் ஆறு வளையம் வரிசையாக நிற்கும். இப்போது நூலைக் கொளுவி ஆறின் வழியாகவும் ஒரே இழுப்பு. இந்த இழுப்பில்தான் எல்லாரும் திணறுவார்கள், நாலு வளையம் தாண்டியதும் கொக்கி மாட்டிக்கொள்ளும். கொக்கியின் வாயைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, இடது கைப் பெருவிரலால் அடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வளையங்களை முதலிலேயே கொஞ்சம் தளர விட்டிருந்தால் இன்னும் சுலபம். உடனே அடுத்த கண்ணியில் ஒரு ஒற்றையை இறுக்கமாகப் போடுங்கள், அந்த இறுக்கம்தான் நெல்லிக்காயை வெளியே தள்ளுகிறது. உயரமான கால்களை இரண்டு பக்கமும் குட்டை ஒற்றைகள் நெருக்குகின்றன, நிமிர இடம் இல்லாமல் அது வளைந்து புடைக்கிறது.

எந்தப் பக்கம் புடைக்கும்? நமக்கு எதிர்ப்பக்கம். அதனால் பின்பக்கம் நம்மைப் பார்த்திருக்கிற வரிசையில்தான் இதைப் போட வேண்டும். இது தெரியாமல் நான் முதன்முதலில் ஒரு மேஜை விரிப்பு முழுக்க முன்பக்க வரிசைகளில் போட்டு, நெல்லிக்காய் எல்லாம் மேஜைப் பலகையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஆச்சி அதைத் திருப்பிப் போட்டு, "இதாம்ட்டி மேப்பக்கம்" என்று சொல்லிவிட்டாள், பல வருஷம் அப்படியேதான் விரித்திருந்தோம்.

இதன் கூடப்பிறந்தது பாப்கார்ன் ஸ்டிட்ச். அதில் ஐந்தையும் பாதியில் நிறுத்தாமல் முழுசாக முடித்து, கொக்கியை உருவிவிட்டு, முதலாவதின் தலையில் நுழைத்து, விட்ட வளையத்தை அதன் வழியே இழுக்க வேண்டும். ஐந்தும் குடை மாதிரி மடங்கி, உள்ளே கூடாக, முன்னால் நன்றாகத் துருத்தி நிற்கும். இதற்குப் பொரிக்கண்ணி என்றே சொல்லலாம், திருக்கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கிற ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பஃப் ஸ்டிட்ச் இன்னும் மெத்தென்று இருக்கும், காலே இல்லாமல் வெறும் நீள வளையங்களாக இழுத்து மொத்தமாகக் கட்டுவது. பஃப் என்றால் ஊதி உப்புவது, பஃப் கை வைத்த ஜாக்கெட் நமக்குத் தெரியுமே. உப்பல் கண்ணி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வகை மொத்தத்துக்கும் ஆங்கிலத்தில் டெக்ஸ்சர் என்கிறார்கள், நாம் புடைப்புப் பின்னல் என்றால் போதும்.

குரோஷா என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சில் குரோ என்றால் கொக்கி, குரோஷே என்றால் சின்னக் கொக்கி. எழுத்தில் கடைசியில் இருக்கிற ட் ஒலிக்காது, நம் கடைகளில் அது குரோஷா ஊசி ஆகிவிட்டது. ஊசி என்றால் காது இருக்க வேண்டும், இதற்குக் காதே இல்லை, முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைச் சுருக்கிக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். கொக்கிப் பின்னல் என்பது சரியான தமிழ். குரோஷா என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை, அது வீட்டுச் சொல்லாகிவிட்டது, நானே அதைத்தான் சொல்கிறேன். கடையில் போய் கொக்கிப் பின்னல் கொக்கி என்று கேட்டால் திரைச்சீலைக் கொக்கியை எடுத்துத் தருவார்கள்.

ஆனால் ஒற்றை, இரட்டை என்ற கணக்கில் கவனம் வேண்டும். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைப் பிரிட்டனில் டபுள் என்கிறார்கள், அமெரிக்க டபுள் பிரிட்டனில் ட்ரெபிள். நம்மூரில் இரண்டு வகைப் புத்தகமும் கைமாறிக் கைமாறி வருவதால் எந்தக் கணக்கு என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒற்றை என்று எழுதுவது அமெரிக்க சிங்கிளை. கொக்கியை விட்டு, நூலை இழுத்து, வருகிற இரண்டு வளையத்தையும் ஒரே இழுப்பில் முடிப்பது.

தங்கை மகளுக்கு முந்தாநாள் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டை இங்கேயும் போடுகிறேன், ஒ என்றால் ஒற்றைக் கண்ணி, நெ என்றால் நெல்லிக்காய்க் கண்ணி. 24 சங்கிலி போட்டு, கொக்கிக்குப் பக்கத்துச் சங்கிலியை விட்டுவிட்டு, முதல் வரிசை முழுக்க 23 ஒ. திருப்பி, 1 சங்கிலி, 3 ஒ, அப்புறம் 1 நெ 3 ஒ என்று ஐந்து தடவை. திருப்பி, 1 சங்கிலி, மறுபடி 23 ஒ. திருப்பி, 1 சங்கிலி, 1 ஒ, அப்புறம் 1 நெ 3 ஒ ஐந்து தடவை, கடைசியில் 1 நெ, 1 ஒ. இந்த நாலு வரிசையில் பதினொரு நெல்லிக்காய் வரும். ஒன்பது என்று எண்ணினாள், நான் தடவிப் பார்த்தேன், ஓரத்தில் இரண்டு உள்பக்கமாகப் போயிருந்தது, விரலால் குத்தி வெளியே எடுத்துவிட்டோம்.