மன்னார் வளைகுடாத் தீவுக்குத் தனிப் படகில் போகலாமா?

திதி கொடுக்க ராமேசுவரம் கிளம்பும் ஈரோடு, திருப்பூர் வேன்களில் ஒரு யோசனையும் சேர்ந்து ஏறிக்கொள்கிறது: பாம்பன் பக்கம் மீனவர் யாரிடமாவது பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்து, எதிரே தெரியும் தீவுக்கு ஒரு நடை போய்வந்தால் என்ன? பவானி கூடுதுறையில் பரிசலுக்குப் பேசுவது போல எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிப் போகக் கூடாது.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் (இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டன), சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஆனைமலைக் காட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கச் சொல்லும் அதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் இங்கும் செல்லும். மலையில் சோதனைச் சாவடி தடுக்கிறது. கடலில் அது இல்லாததால் விதியே இல்லை என்று நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

சட்டத்தின் 27ஆம் பிரிவு அனுமதியில்லாத நுழைவைத் தடுக்கிறது. ஆய்வு, புகைப்படம், சுற்றுலா போன்றவற்றுக்கு 28ஆம் பிரிவின்கீழ் அனுமதி தரலாம். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைவிடக் கொடியது 39ஆம் பிரிவு: குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான படகு அரசுக்குச் சொந்தமாகிவிடும். நாம் அபராதம் கட்டி ஊர் திரும்பிவிடலாம். படகுக்காரருக்கோ பிழைப்பே போய்விடும். ஆசை காட்டிக் கூப்பிடும் நாம்தான் இதை முதலில் யோசிக்க வேண்டும். அவருடைய உரிமமும் மீன் பிடிக்கத்தானே தவிர, ஆள் ஏற்ற அல்ல.

முறையான வழி இருக்கிறது. பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு படகில் அழைத்துச் செல்கிறது. உயிர்காப்பு உடுப்பைக் கழற்றாதீர்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டையோ சங்கையோ பையில் போடாதீர்கள், குழந்தை அழுதாலும் சரி. பூங்காவிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம்.

தீவுதான் வேண்டும் என்றில்லாவிட்டால் தொண்டிப் பக்கம் காரங்காடு இருக்கிறது. அங்கே வனத்துறையும் ஊர் மீனவர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். வருமானத்தில் ஊருக்கும் பங்கு கிடைப்பதால், என் கணக்கில் இதுவே மேல்.

காற்று மிகுந்தால் இரண்டு இடத்திலும் படகு நின்றுவிடும். வேன் கிளம்பும் முன்பே ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.