சிங்கிள் கிரிஸ்டலுக்குத் தமிழ் என்ன, ஏன் "தனிப்படிகம்" சரி வராது

சிப் செய்றத பத்தி தமிழ்ல எழுதுறவங்க சிங்கிள் கிரிஸ்டல்ங்கிற எடத்துல தனிப்படிகம்னும் போடுறாங்க, ஒற்றைப்படிகம்னும் போடுறாங்க. என்னைக் கேட்டா தனிப்படிகம் வேணாம். தனின்னா கூட்டத்துலேர்ந்து பிரிஞ்சு நிக்கிற ஒண்ணுன்னு அர்த்தம் போயிடுது, இங்க விஷயம் அது இல்ல.

நெல் வயலை நெனச்சுக்கோங்க. ஒவ்வொரு வயல்லயும் நாத்த கயிறு புடிச்சு வரிசையா தான் நட்டிருக்காங்க, ஆனா ஒண்ணுல வரிசை கிழக்கு மேற்கா போகுது, அடுத்ததுல கோணலா போகுது, நடுவுல வரப்பு. இரும்பு, செம்புன்னு நாம பாக்குற உலோகம் பெரும்பாலும் இப்டித்தான், அது பல்படிகம். வரப்பே இல்லாம இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் அணுவெல்லாம் ஒரே வரிசையில நின்னா அதான் ஒற்றைப்படிகம். எலக்ட்ரான் வரப்புகிட்ட வந்தா சிதறும், சிலது அங்கயே மாட்டிக்கும், அதனால ஒரே சிப்புல இருக்குற கோடிக்கணக்கான டிரான்சிஸ்டரும், அதாவது குட்டி மின் சுவிட்சும், ஒண்ணு போல வேலை செய்யணும்னா வரப்பு இருக்கவே கூடாது. பல்படிகம்னு ஒரு சொல் இருக்குறப்ப அதுக்கு எதிரா ஒற்றைப்படிகம் தான் அழகா பொருந்துது, சேர்த்தே எழுதுங்க.

படிகம்ங்கிறது ஸ்படிகம்ங்கிற வடசொல் தமிழ்ல தேஞ்சு வந்தது. பளிங்கையும் அதே சொல்லோட தான் அகராதி தொடர்புபடுத்துது. "அடுத்தது காட்டும் பளிங்குபோல்"னு குறள்ல வர்றது இந்த ஸ்படிகம் தான், ஆனா இன்னைக்கு பளிங்குன்னா எல்லாருக்கும் மார்பிள் தரை தான் ஞாபகம் வரும், அதனால அந்தச் சொல்ல திரும்பக் கொண்டுவர முடியாது. கிரிஸ்டலுக்கு மூலம் கிரேக்கத்துல கிருஸ்டல்லோஸ், அதாவது பனிக்கட்டி. ஸ்படிகக் கல்லு பனி ரொம்ப இறுகி இனிமே உருகவே உருகாதுன்னு ஆன பொருள்னு கிரேக்கர்கள் நம்புனாங்க. உருகாதுன்னு பேர் வாங்குன கல்லோட அதே பொருள்ல தான், அதாவது குவார்ட்ஸ்ல தான், இன்னைக்கு சிப்புக்கு வேண்டிய சிலிக்கான் உருக்குற பாத்திரத்தையே செய்றாங்க!

அந்தப் பாத்திரத்துக்கு நம்ம நகை ஆசாரிங்க சொல்ற மூசைங்கிற பேரே போதும். சிலிக்கான் உருக 1414 டிகிரி செல்சியஸ் வேணும், அந்தச் சூட்டுல குவார்ட்ஸ் மூசையே எளகிடும்ங்கிறதால அத ஒரு கிராஃபைட் கூட்டுக்குள்ள வெச்சு, சுத்தி ஆர்கான் வாயு விட்டு, மேலேர்ந்து பென்சில் மாதிரி ஒரு சின்ன ஒற்றைப்படிகத் துண்ட எறக்கி குழம்போட மேல்பக்கத்த தொட வெச்சு, அத சுத்திக்கிட்டே, மூசைய எதிர்ப்பக்கம் சுத்திக்கிட்டே, மெதுவா, நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுல மேல தூக்குறாங்க. அந்தத் துண்டு தான் விதை. அதுல அணு எந்த வரிசையில நிக்குதோ அதே வரிசையில தான் குழம்பும் வந்து ஒட்டி உறையும்.

முதல்ல சில மில்லிமீட்டர் தடிமன்ல மெல்லிசா இழுக்குறாங்க, அது கழுத்து. விதையில இருக்குற வரிசைக் கோளாறு எல்லாம் இந்தக் கழுத்துலயே ஓரத்துக்கு ஓடி முடிஞ்சிடும், இது 1950கள் கடைசியில டாஷ்ங்கிற ஆராய்ச்சியாளர் கண்டுபுடிச்ச வழி. அப்பறம் அகலமாக்குனா தோள், நேரா போனா உடல், கடைசியில கூம்பா முடிச்சா வால். 100 கிலோவுக்கு மேல இருக்குற பாளம் அந்தக் கழுத்துல தான் தொங்குதுங்கிறத நெனச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா தான் இருக்கு. விதை, கழுத்து, தோள், உடல், வால்னு உயிர் உள்ளது மாதிரியே எல்லாம் இருக்குறதால கிரிஸ்டல் குரோத்துக்கு படிக வளர்ப்புங்கிற பேர் அப்டியே ஒட்டுது, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே ஒரு மையம் கூட இருக்கு. சிலிக்கான்ல போரான், பாஸ்பரஸ் கொஞ்சூண்டு சேக்குறதுக்கு, அதாவது டோப்பிங்குக்கு, மாசூட்டல்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு.

இப்டி இழுக்குற முறைக்கு மட்டும் ஆள் பேர் தான், சோக்ரால்ஸ்கி முறை. யான் சோக்ரால்ஸ்கி போலந்துக்காரர், 1916ல பெர்லின்ல வேலை பாத்தப்ப மைப்புட்டின்னு நெனச்சு பேனாவ உருகுன ஈயத்துல, அதாவது வெள்ளீயத்துல, தோச்சுட்டாராம், எடுத்தா நிப்புல நூல் மாதிரி உலோகம் தொங்குச்சு, பாத்தா அது ஒற்றைப்படிகம். அவர் இத வெச்சு அளந்தது உலோகம் எவ்ளோ வேகமா படிகமாகுதுங்கிறத தான், படிகம் வளக்குறது அவர் நோக்கமே இல்ல. 1948ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆய்வகத்துல கார்டன் டீலும் ஜான் லிட்டிலும் இதே வழியில, சிலிக்கான் மாதிரியே குறைகடத்தியான ஜெர்மேனியத்த இழுத்தாங்க, கொஞ்ச வருஷத்துல சிலிக்கானும் வந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ஜெர்மானியர்களோட ஒத்துழைச்சார்னு வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவர சேத்துக்கல, 1953ல செத்துப்போனார், 2011ல தான் அவர் மேல இருந்த பழிய நீக்குனாங்க. அதனால இத "இழுப்பு முறை"ன்னு மாத்தி அவர் பேர எடுத்துடாதீங்க.

சோக்ரால்ஸ்கிங்கிற பேர்ல உச்சரிப்பு சந்தேகம் இருந்தா, போலந்து மொழியில அதோட முதல் எழுத்து "பச்சை"ல வர்ற ச் மாதிரி, சர்க்கரையோட ச இல்ல.