விண்டோஸ் போடுறப்போ மறுபடியும் லாங்குவேஜ் கேக்குதா? எதையும் அமுக்காதீங்க, பென்டிரைவை உருவுங்க

போன மாசம் ஒருத்தர் சிபியுவை ஸ்கூட்டர் முன்னாடி வெச்சு கொண்டு வந்தாரு. ராத்திரி பூரா விண்டோஸ் போட்டேன் சார், முடியப் போகுதுன்னு நெனைக்கிறப்போ மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்குதுன்னாரு. எத்தன தடவ போட்டீங்கன்னு கேட்டா நாலுங்கறாரு. நாலாவது தடவ வந்த கடுப்புல லிஸ்ட்ல இருந்த பார்ட்டிஷன் (ஹார்ட் டிஸ்க்கை பிரிச்சு வெச்சிருக்கற பகுதிங்க) எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டாராம், அதுல டி டிரைவும் போச்சு. டி-ல தான் மூணு வருஷத்து கடை கணக்கு.

மொத தடவையே அவருக்கு விண்டோஸ் சரியா தான் ஏறியிருக்கு. பாதி ஏறி, மீதிக்கு காத்துக்கிட்டு இருந்திருக்கு.

அது ரெண்டு கட்டமா ஏறும்ங்க. மொத கட்டத்துல பென்டிரைவ்ல இருந்து ஃபைல் எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணிட்டு, 10 செகண்ட்ல ரீஸ்டார்ட் ஆகப்போறேன்னு ஒரு கவுன்ட்டவுன் ஓடும். அதுக்கப்புறம் மீதி வேலை பூரா ஹார்ட் டிஸ்க்ல இருந்தே நடக்கும், பென்டிரைவுக்கு அங்க சோலியே இல்ல. ஆனா நாம பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்) போய், எதுல இருந்து ஆன் ஆகணும்ங்கற ஆர்டர்ல யூஎஸ்பியை முதல் இடத்துல வெச்சிருப்போம்ல, ரீஸ்டார்ட் ஆனதும் அது மறுபடி பென்டிரைவையே பிடிக்கும், பென்டிரைவுக்கு முன்னாடி நடந்தது எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு லாங்குவேஜ் என்ன, கீபோர்டு என்னன்னு கேட்டுக்கிட்டு நிக்கும். டிவிடி காலத்துல இந்தத் தொல்லை கம்மி, ஏதாவது கீயை அமுக்குனா தான் டிவிடில இருந்து பூட் ஆவேன்னு (அதுல இருந்து ஆரம்பிப்பேன்னு) கேட்கும், சும்மா விட்டா அதுவே ஹார்ட் டிஸ்க்குக்கு போயிடும். மைக்ரோசாஃப்ட்டோட மீடியா கிரியேஷன் டூல்ல ரெடி பண்ற பென்டிரைவ் அப்படி கேட்காது, நேரா உள்ள போயிடும்.

அதனால அந்த 10 செகண்ட் கவுன்ட்டவுன் வந்ததும் பென்டிரைவை உருவிடுங்க. காப்பி பர்சன்ட்டேஜ் ஓடுறப்போ மட்டும் கை வைக்காதீங்க. அசந்துட்டீங்க, லாங்குவேஜ் பக்கம் வந்துருச்சுன்னாலும் ஒண்ணும் குடி முழுகல, நெக்ஸ்ட் குடுக்காம பென்டிரைவை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விட்ட இடத்துல இருந்து போகும்.

இதவிட நல்ல வழி பயாஸ் ஆர்டரை தொடாமலே இருக்கறது. ஆன் பண்ணும்போது பூட் மெனு கீயை தட்டி அந்த ஒரு தடவைக்கு மட்டும் பென்டிரைவை செலக்ட் பண்ணலாம். டெல், லெனோவால எஃப்12, ஹெச்பில எஃப்9, எம்எஸ்ஐ போர்டுல எஃப்11. ஏசர் லேப்டாப் சிலதுல எஃப்12-ஐ பயாஸ்ல எனேபிள் பண்ணி வெச்சா தான் வேலை செய்யும், அங்க எத்தன பேர் தட்டித் தட்டி ஓஞ்சு போயிருக்காங்கன்னு எனக்குத் தான் தெரியும். யூஇஎஃப்ஐ மோடுல (பயாஸோட புது வடிவம்) போட்டா பெரும்பாலும் விண்டோஸே தன்னை ஆர்டர்ல மேல போட்டுக்கும், அங்க இந்தப் பிரச்சனை ரொம்ப கம்மி.

பழைய போர்டுல லெகசி மோடுன்னா (பழைய பயாஸ் முறை) இன்னொண்ணு கவனிக்கணும். பார்ட்டிஷன் லிஸ்ட்ல டிரைவ் 0-ன்னு பென்டிரைவ் வந்து நின்னா உஷார் ஆயிடுங்க, பூட் ஃபைல் பென்டிரைவ்லயே போய் உக்காந்துக்கும், அப்புறம் அதை கழட்டுனா சிஸ்டம் ஆன் ஆகாது.

ஏற்கனவே ரெண்டு தடவ வேற வேற பார்ட்டிஷன்ல போட்டு, ஆன் பண்ணும்போது எந்த விண்டோஸ் வேணும்னு 30 செகண்ட் நிக்குதா? விண்டோஸ்லயே இருக்கற எம்எஸ்கான்ஃபிக் (msconfig) டூலை ஓப்பன் பண்ணி பூட் டேப்ல கரன்ட் ஓஎஸ்னு போட்டிருக்கறத விட்டுட்டு இன்னொன்ன டெலீட் பண்ணுங்க. பேர் தான் போகும், அந்த ஃபைல் எல்லாம் டிஸ்க்ல அப்படியே இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கும், அத தனியா தூக்கணும்.

அந்த ஸ்கூட்டர்காரருக்கு ரெக்கவரி போட்டு ரெண்டு நாள் ஓட விட்டேன். பழைய ரெண்டு வருஷத்து கணக்கு வந்துருச்சு. இந்த வருஷத்து ஃபைல் பேரோட வந்துச்சு, ஓப்பன் ஆகல. பில் புக்க வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா மறுபடி ஏத்திக்கிட்டு இருக்காரு.